விதையில்லாத ஈரப்பலாவும் வேர் நறுக்கிய நண்டும்

பெருங்கடலின் நடுவில் ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவில் ஓர் ஈரப்பலா மரம் நின்றது. அதன் இலைகள் விரித்த கை போல அகன்றிருக்கும். காய்கள் பன்றிக்குட்டியின் தலையளவு பருக்கும். மற்ற மரங்கள் ஓய்ந்துபோகும் காலத்தில்தான் அது காய்க்கும். அந்த மாதங்களில் தீவே அதை நம்பித்தான் கிடந்தது.

பேகா என்ற பழந்தின்னி வௌவால் அந்த மரத்தில் குடியிருந்தாள். அவளுக்கு ஒரு கைக்குட்டி. எந்நேரமும் அவள் மார்பைக் கவ்வியே கிடக்கும். பழம் தின்றால்தான் அவளுக்குப் பால் சுரக்கும்.

அந்த வருஷம் புயலோடு கடலும் உள்ளே வந்தது. உப்புத் தண்ணீர் வேரடியில் தேங்கிவிட்டுப் போனது. அதன்பின் உச்சிக்கிளைகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

பேகாவைப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு பழத்தைப் பிளந்து பார்த்தாள். விதை இல்லை. இன்னொன்றைப் பிளந்தாள். அதிலும் மாவு போன்ற சதை மட்டுமே.

"பழத்தை வீணாக்கி என்ன தேடுகிறாய்?" என்று கீழே இருந்து கேட்டது புவா என்ற பன்றி.

"விதையை. இந்த மரம் போனால் இன்னொன்று முளைக்க வேண்டாமா?"

"இந்த ரகத்துக்கு விதையே கிடையாது. எனக்கு அதுதான் பிடிக்கும். துப்புகிற வேலை இல்லை பார்."

"படைத்தவர் இதற்கு மட்டும் வைக்க மறந்துவிட்டாரா?"

"அதை அவரிடம் கேள்" என்று சொல்லிவிட்டுப் புவா அவள் போட்ட பழங்களை விழுங்கியது.

அப்போது வேரடியில் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. தூபா என்ற வளைநண்டு, மண்ணுக்கு மேல் தெரிந்த ஒரு வேரைத் தன் கொடுக்கால் வெட்டிக்கொண்டிருந்தது. வேரிலிருந்து வெள்ளைவெளேரென்று பால் வழிந்தது.

"அடப்பாவி! சாகிற மரத்தையா வெட்டுகிறாய்?" என்று அலறினாள் பேகா.

"பொறுங்கள் அக்கா, இது வந்து..."

"பேசாதே. என் பிள்ளையின் வாயில் மண்ணைப் போடுகிறாய்."

அவள் போட்ட சத்தத்தில் வௌவால் கூட்டமே இறங்கி வந்தது. புவா தன் மூக்கால் நண்டை உருட்டிக்கொண்டே போய்க் கடற்கரையில் தள்ளியது. "இந்தப் பக்கம் வந்தால் உன் ஓட்டை உடைப்பேன்" என்றும் சொல்லி அனுப்பியது.

நாட்கள் போயின. பழங்கள் சூம்பின. பேகாவின் பாலும் குறைந்தது. குட்டி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு அழும். ஒரு காலையில், உதிர்ந்த பழம் ஏதாவது கிடைக்குமா என்று அவள் தரையில் தவழ்ந்து தேடினாள்.

வேரில் நண்டு வெட்டிய இடத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

அது ஒரு கன்று. அவள் கண்ணெதிரே காற்றில் ஒரு குட்டி இலை மெல்லப் பிரிந்தது. பேகா மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வேர்களைப் பார்த்தாள். காயமில்லாத வேர்களில் ஒன்றுமே இல்லை. அவள் பழத்துக்குள் தேடிய உயிர், வேரின் புண்ணுக்குள் இருந்திருக்கிறது. அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. 

அவள் நேராகக் கடற்கரைக்குப் பறந்தாள்.

"தம்பி, வெளியே வா."

வளைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்த்தன. "ஓடு உடைக்கிற அண்ணன் எங்கே?"

"தூங்குகிறார். வேரை வெட்டினால் முளைக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்பு மரத்தடியில் வளை தோண்டும்போது ஒரு வேர் குறுக்கே வந்தது. தெரியாமல் வெட்டிவிட்டேன். அடுத்த மழைக்கு என் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கன்று நின்றது. எனக்குப் போக வழியில்லை. அதனால் தின்றுவிட்டேன். இந்த மரம் காய்வதைப் பார்த்துத்தான் அன்றைக்கு வேண்டுமென்றே வெட்டினேன்."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"எங்கே அக்கா விட்டீர்கள்?"

பேகா தலை குனிந்தாள். "இன்னும் வெட்டினால் மரம் சீக்கிரம் செத்துவிடாதா? எனக்குப் பயமாக இருக்கிறது."

"உப்பு உள்ளே ஏறிவிட்டது. மரம் பிழைக்காது. வேரில் உயிர் இருக்கும்போதே நறுக்க வேண்டும்."

பேகா குட்டியை இறக்கையால் மூடிக்கொண்டாள். தானே மண்ணை விலக்கி ஒவ்வொரு வேராகக் காட்டினாள். தூபா நறுக்கியது. பால் வழிந்தது. ஆனாலும் அவள் தடுக்கவில்லை.

தாழம்பழத்தைத் தின்று அவள் அந்தப் பஞ்ச காலத்தைத் தள்ளினாள். பால் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மழை வந்து மண்ணின் உப்பைக் கழுவியது. பட்டுப்போன மரத்தைச் சுற்றி வட்டமாகக் கன்றுகள் எழுந்து நின்றன. பார்க்க வந்த பிராணிகள் கன்றுகளை மிதிக்காமல் சுற்றி நடந்தன. புவாகூட அன்று மண்ணைக் கிளறாமல் எட்டி நின்றது. சில வருஷங்களில் அந்தக் கன்றுகள் காய்த்தபோது, அதற்குள் வளர்ந்துவிட்ட பேகாவின் குட்டி தன் சொந்தச் சிறகால் பறந்து வந்து முதல் பழத்தைக் கடித்தது.

பயத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர், தம் பிள்ளையைக் காக்க வந்தவரையே விரட்டிவிடுவார்.