முளைக்காத பாத்தி

“அம்மா, என் பாத்தி இன்னும் முளைக்கலை.”

தில்லைநாயகம் இதைச் சொன்னபோது ஆசிரமத்தை நடத்தும் அம்மை முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வியோடு அவளைத் தேடி இந்த மலையடிக்கு வந்திருந்தார் அவர்.

கேள்வியை இன்னும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

ஆசிரமத்து வழக்கம் அப்படி. புதிதாக வருகிறவருக்கு முதலில் ஒரு பாத்தியும் ஒரு பொட்டலம் விதையும். அதில் விளைந்த முதல் கீரை அம்மையின் இலைக்கு வந்த பிறகுதான் கேள்வி. அமாவாசைக்குள் வராவிட்டால், பாத்தி அடுத்தவருக்கு.

“தண்ணி ஊத்தினீங்களா?” என்றாள் அம்மை.

“காலையில ஊத்துறேன். மத்தியானம் ஊத்துறேன். ராத்திரி முழிப்பு வந்தா எழுந்து போய் ஊத்துறேன்.”

“முழிப்பு வராத ராத்திரி உண்டா?”

“இல்லைம்மா.”

அம்மை முறத்தைத் தட்டினாள். தவிடு பறந்தது.

அடுத்தவர் ஏற்கெனவே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர். வாசல் மண்டபத்தில் படுக்கை போட்டிருந்தார். தில்லைநாயகம் குடத்தோடு கடக்கும்போதெல்லாம் மரியாதையாக எழுந்து நிற்பார்.

“ஏதாச்சும் தெரியுதா சார்? அவசரமில்லை. சும்மா கேட்டேன்.”

அதற்குப் பிறகு தில்லைநாயகம் இன்னும் ஒரு குடம் அதிகம் ஊற்றுவார்.

அவருடையது மேட்டுப் பாத்தி. கீழே, பள்ளத்தில், அவருக்கு முன்பே வந்து தங்கியிருந்த செவந்தியின் பாத்தி.

“அண்ணே, நான் வெந்தயந்தான் போட்டேன். வரப்போரமா செவப்பா என்னவோ கும்பலா வந்து நிக்குது.”

“உனக்குக் கேட்காமலே வருது. எனக்குக் கும்பிட்டாலும் வரலை.”

“நீங்க கும்பிடுறதைப் பார்த்தேன். குனிஞ்சு, மண்ணுல மூக்கு படுற மாதிரி. பாவம், அந்த மண்ணுக்கே பயம் வந்திருக்கும்.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார்.

அமாவாசை வந்தது. பாத்தி மழித்த தலைபோல் இருந்தது.

வேட்டி துண்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ளப் போனார். அம்மை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இலையில் சிவப்பாகக் கீரை மசியல்.

“வாங்க. உங்க கீரை நல்லா மசிஞ்சிருக்கு.”

“என் பாத்தியில ஒண்ணுமே இல்லையேம்மா.”

அம்மை கை கழுவினாள். “குடம் நிறைய தண்ணி எடுத்துட்டு வாங்க” என்றாள்.

பாத்திக்கு வந்ததும் மடியிலிருந்து ஒரு பிடி தவிட்டை எடுத்து மண்மேல் தூவினாள்.

“தினம் ஊத்துற மாதிரி ஊத்துங்க.”

தில்லைநாயகம் குடத்தை மார்புவரை தூக்கிச் சாய்த்தார். தண்ணீர் தபதபவென்று விழுந்தது. தவிடு சுழன்றது, மிதந்தது, ஓடியது. தாழ்ந்த மூலையில் வரப்பு கரைந்து ஒரு வாய் திறந்திருந்தது. அதன் வழியே இறங்கி, செவந்தியின் பாத்தியில், சிவந்த தண்டுகளின் காலடியில் போய்ப் படிந்தது.

“களைன்னு பிடுங்கப் போனேன்” என்றாள் செவந்தி. “அம்மாதான் இருக்கட்டும்னாங்க.”

தில்லைநாயகம் பாதிக் குடத்தைக் கீழே வைக்க மறந்து நின்றார். அம்மை அதை வாங்கி வைத்தாள். உடைந்த வரப்பை மிதித்து அடைத்தாள். இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து, விதையோடு மணலைக் கலந்து, பாத்தி முழுக்க விசிறினாள். பிறகு குடத்துக்குள் விரல்களை நனைத்து, மண்மேல் உதறினாள்.

மண்ணின் நிறம் மட்டும் லேசாக மாறியது.

“முதல் கீரை சாப்பிட்டாச்சு. பாத்தி உங்களுது. இப்ப கேளுங்க.”

எத்தனையோ வருஷம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த கேள்வி. பயம் எப்போது விடும் என்ற கேள்வி. தில்லைநாயகம் வாயைத் திறந்தார். கண் மட்டும் பாத்தியை விட்டு நகரவில்லை.

“இவ்வளவு தண்ணி போதுமாம்மா?”

“யாருக்கு? விதைக்கா, உங்களுக்கா?” என்றாள் அம்மை.