குடிலைச் சுத்தின ரெண்டு எஞ்சின்

இந்தக் கதையை எனக்கு மொதல்ல சொன்னது பொன்மலை ஜெபமாலை அக்கா. போன பெரிய வெள்ளிக்குக் கோயில்ல கஞ்சி காய்ச்சினோமே, அப்போ, அடுப்புப் புகையில கண்ணைத் தொடைச்சிக்கிட்டே சொன்னாங்க. நீ "ம்" கொட்டணும், என்ன? நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன். எனக்கும் இன்னிக்கு உடம்பெல்லாம் அசதி.

ஒரு ஊர்ல ஒரு பழைய பொம்மை எஞ்சின் இருந்துச்சாம். யார் யாரோ ஓட்டி அலுத்து, பெயிண்டெல்லாம் உதிர்ந்து, கடைசியில செலின்னு ஒருத்தி கைக்கு வந்துச்சாம். செலினுக்கு மொபைல் ரிப்பேர் கடையில வேலை. பொழுதுக்கும் குனிஞ்சே இருந்து கழுத்து கல்லாட்டம் ஆயிடும். வீட்டுக்கு வந்தா சோறு வடிக்கணும், துணி துவைக்கணும். உக்காரவே நேரமிருக்காது அவளுக்கு.

"ம்."

அந்த வீட்டுல ரெண்டு குடும்பம். ஒரு பக்கம் செலின், இன்னொரு பக்கம் அவ ஓரகத்தி பிலோமி அக்கா. நடுவுல பொதுவா ஒரு கூடம். கிறிஸ்மஸ் வந்தா கூடத்துல ஒரே குடில். ரயில்வேக்காரங்க வீடில்லையா, குடிலைச் சுத்தித் தண்டவாளம் போட்டு ரயிலு விடுவாங்க. அக்காவுக்கும் ஒரு எஞ்சின் உண்டு. ஆனா பாரு, அது பழைய முறை. குமிழைத் திருகினா தண்டவாளத்துல கரண்ட்டு வரும், மேல நிக்கிற எஞ்சின் எல்லாம் ஒண்ணா ஓடும். உன்னுது என்னுதுன்னு அதுக்குத் தெரியாது.

முந்தின வருஷம் அப்படித்தான் ரெண்டையும் ஒண்ணா விட்டாங்க. செலினோடது விசுக் விசுக்குன்னு ஓடுச்சு. அக்காவோடது ஆடி அசைஞ்சு போச்சு. அப்புறம் என்ன, பின்னால போயி டமார்! ரெண்டும் குடிலுக்குள்ள கவுந்து, சூசையப்பர் பொம்மை ஒரு பக்கம், ஆட்டுக்குட்டி ஒரு பக்கம்.

"உன் எஞ்சினுக்கு என்னடி அவசரம்? உன்னை மாதிரியே பறக்குது"ன்னாங்க அக்கா.

"உங்களுது உங்களை மாதிரியே நகர மாட்டேங்குதே"ன்னா செலின்.

அவ்வளவுதான். அப்போ நின்னுச்சு பேச்சு. ஒரே வாசல், ஒரே குழாயடி, ஆனா குனிஞ்ச தலை நிமிராம போயிட்டு வந்தாங்க. வருஷம் ஒண்ணு ஓடிடுச்சு. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ செலின் என்ன பண்ணினா, மாதாகிட்ட ஒரே ஒரு வேண்டுதல் வெச்சா. "தாயே, இந்த வருஷம் அக்கா கூடத்துக்கு வந்து உக்காரணும்." அதுக்கு ஒரு வழியும் யோசிச்சா. எஞ்சினுக்குள்ள வெக்கிறதுக்கு ஒரு சின்ன சிப்பு இருக்காம். அதை வெச்சிட்டா தண்டவாளத்துல எப்பவும் கரண்ட்டு இருக்கும், ஆனா எஞ்சின் பேசாம நிக்கும். ரிமோட்டு மாதிரி ஒரு கைப்பொட்டி, அதுல எஞ்சினோட நம்பரை அமுக்கிக் கூப்பிட்டாத்தான் ஓடும். அப்போ ரெண்டு எஞ்சினும் ரெண்டு பேர் பேச்சைக் கேட்கும், இடிச்சுக்காதுல்ல? ரெண்டு சிப்பு வாங்கினா. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அக்காவுக்கு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து எஞ்சினைப் பிரிச்சா. உள்ளே யாரோ விட்ட பழைய எண்ணெய் பிசுபிசுன்னு. ஒயரையெல்லாம் ஈயத்தால பத்த வெச்சு, தண்டவாளத்துல நிறுத்தி, சுவிட்சைப் போட்டா. புஸ்ஸ்ஸ்! புகை. மோட்டாரோட ஒரு முனை எஞ்சின் உடம்பைத் தொட்டுக்கிட்டு இருந்திருக்கு. அசதியில அதைப் பார்க்காம விட்டுட்டா. சிப்பு கருகிப் போச்சு. கடையில கேட்டா, "இனி ஜனவரிலதாங்க வரும்"னுட்டான்.

அப்புறம் மிச்சம் இருந்த சிப்பைத் தன்னோடதுல வெச்சா. மோட்டாருக்கு அடியில டேப்பு ஒட்டி, உடம்புல படாம பிரிச்சு வெச்சா. இந்தத் தடவை புகை வரலை. நம்பரை அமுக்கினா. குபு குபு குபு... ஆனா பின்னாடி போகுது! ஒயரை மாத்திக் குடுத்திருக்கா. அதையும் சரி பண்ணினா. முன்னாடி ஓடுச்சு. ஆனா அவளுக்கு சந்தோஷமே இல்லை. அக்காவுக்குன்னு வாங்கினதைத் தானே எடுத்துக்கிட்டோமேன்னு.

"ம்..."

கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம். மனசைத் திடப்படுத்திக்கிட்டு அக்கா கதவைத் தட்டினா. "அக்கா, உங்க எஞ்சினையும் கொண்டாங்க. ஓட முடியாது, ஓரமா நிறுத்தி வெக்கலாம்"னு சொல்லலாம்னு போனா. "கொண்டாங்க"ங்கிறது வரைக்கும்தான் வாயில வந்துச்சு.

அக்கா உள்ளே போனாங்க. எஞ்சினை எடுத்துட்டு விறுவிறுன்னு வந்து தண்டவாளத்துலயே வெச்சிட்டாங்க.

"ஐயோ, வேணாங்க்கா! சிப்பு இல்லாம வெச்சா மோட்டார் சூடாகிடும்!"

"உன் எஞ்சினை ஓட்டுடி மொதல்ல."

செலின் மூணை அமுக்கினா. அவ எஞ்சின் நம்பர் அதுதான். குபு குபு... ரெண்டு எஞ்சினும் கிளம்பிடுச்சு! பதறிப்போயி நிறுத்தினா. ரெண்டும் நின்னுச்சு.

"அக்கா... உங்களுதுலயும் சிப்பு இருக்கா?"

"உன் வீட்டுக்காரன் வாயில எது நிக்கும்? புகை வந்தது மொதக்கொண்டு வந்து சொல்லிட்டான். எனக்குன்னு ஒண்ணு வாங்கி, அதை உன்னோடதுல வெக்க வேண்டியதாச்சுன்னான். என் தம்பியை விட்டு மெட்ராஸ்ல ஒண்ணு வாங்கிப் போட்டேன்."

புது சிப்பு எல்லாமே மூணுங்கிற நம்பரோடதான் வருமாம். மாத்தணும்னு ரெண்டு பேருக்குமே தோணலை. செலின் உடனே பொட்டியில நாலுன்னு மாத்தினா. அமுக்கிப் பார்த்தா, ரெண்டும் நாலாயிடுச்சு! மறுபடி சேர்ந்தே ஓடுது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "மாமியார் செத்தும் நம்ம ரெண்டு பேரையும் ஒரே அதட்டல்ல ஓட்டுறாங்கடி!"

"ஒண்ணைத் தூக்கினாத்தான் இன்னொண்ணுக்கு நம்பர் மாத்த முடியுங்க்கா."

அக்கா தன் எஞ்சினைத் தூக்கினாங்க. செலின் அவங்களையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தா. எடுத்துட்டுப் போயிடுவாங்களோ?

போகலை. முந்தானையை விரிச்சு, எஞ்சினை மடியில வெச்சுக்கிட்டு, அங்கேயே தரையில காலை நீட்டி உக்காந்தாங்க.

"நீ மெதுவா மாத்து. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை. காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கேடி, நீயும் உக்காரு."

செலின் உக்காந்தா. பொட்டியைத் தொடவே இல்லை ரொம்ப நேரத்துக்கு.

"..."

எஞ்சின் நின்னாச்சு, கதையும் நின்னாச்சு, கண்ணை மூடிக்கோ சாமி. அந்தக் காலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்து வை, எனக்குத் தொடை மரத்துப் போச்சு.