இடப்பக்கம் இழுத்த படகு

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக் கூடத்தில், டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டிக்குள் பதினோரு வீடியோ விளையாட்டுகள் குடியிருந்தன. பெட்டிக்கு வெளியே, சோபாவின் ஓரத்தில், ஒரு கன்ட்ரோலர் இருந்தது. வீட்டுக்காரி கயல் விரலால் சொல்வதைக் கேட்டு, உள்ளே இருக்கும் விளையாட்டுகளுக்கு எடுத்துச் சொல்வது அதன் வேலை.

கயலின் முழுப் பெயர் அங்கயற்கண்ணி. பகலில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் விளையாடுவாள். விளையாடியதைப் பற்றித் தமிழில் வீடியோ போடுவாள். முப்பதாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வருடமும் டிசம்பர் கடைசியில், அந்த வருடம் தனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு எது, ரொம்ப ஏமாற்றிய விளையாட்டு எது என்று சொல்வாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று பேர் வாங்கியிருந்தாள்.

அதனால் டிசம்பர் பிறந்ததும் பெட்டிக்குள் ஒரே பேச்சாக இருந்தது.

“முதலிடம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்,” என்றது அசுர வேட்டை. அது மிகப் பெரிய விளையாட்டு. அதில் மலைகள் இருந்தன, கோட்டைகள் இருந்தன, தலை ஏழு உள்ள அசுரர்கள் இருந்தார்கள். “நானூறு மணி நேரம் என்னோடு இருந்திருக்கிறாள்.”

கடைசி இடம் யாருக்கு என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பக்கம் இருந்தது ஒற்றைத் துடுப்பு. சின்ன விளையாட்டு. ஒரு வள்ளம், ஒரு பெண், ஒரு துடுப்பு. பாறைகளுக்கு நடுவே கடலைக் கடந்து ஒரு தீவுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான். தூத்துக்குடியில் ரெஜினாளும் அவள் தம்பி அந்தோணியும் மாடி அறையில் உட்கார்ந்து மூன்று வருடமாகச் செய்தது.

செப்டம்பரில் கயல் அதை ஆசையாகத்தான் வாங்கினாள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, “ஏயப்பா!” என்றாள். ஆனால் பாறைகளுக்கு இடையில் கடல் குறுகும் முதல் கணவாயிலேயே தொல்லை. இடப்பக்கம் ஒரு கரும்பாறை. எவ்வளவு நேராகப் பிடித்தாலும் வள்ளம் அந்தப் பாறையையே தேடிப் போய் முட்டியது. நான்கு சாயங்காலம் முயன்றாள். முப்பத்தேழு தடவை மூழ்கினாள். ஐந்தாம் நாள் ஒரு வீடியோ போட்டாள். “பாக்க அழகா இருக்கு. ஓட்டத்தான் முடியல. ஒழுங்கா ஓட்டிப் பாக்காமலே வெளியிட்டிருக்காவ” என்று அதில் சொன்னாள்.

உண்மை கன்ட்ரோலருக்கு மட்டும் தெரியும்.

ஜூன் மாதமே, விரலால் தள்ளித் திசை சொல்லும் அதன் இடது குச்சி தேய்ந்துவிட்டது. கயல் விரலை எடுத்த பிறகும் அது மயிரிழை அளவு இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. கயல் “நேராப் போ” என்பாள். கன்ட்ரோலர் “நேராக, கொஞ்சம் இடது” என்று சொல்லிவிடும். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் தப்பாகச் சொல்வது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது. குறை உள்ள கன்ட்ரோலரை யார் வைத்துக்கொள்வார்கள்? நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டது.

டிசம்பர் மூன்றாவது வாரம் ரெஜினாளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கயல் அதைத் தன் கணவன் சுடலைமுத்துவிடம் வாசித்துக் காட்டினாள். அவன் ஒரு பைக் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்.

“‘அக்கா, வருடக் கடைசிப் பட்டியலில் எங்களைப் பற்றிச் சொல்வீர்கள் என்று தெரியும். எங்கள் பக்கம் வள்ளம் நேராகத்தான் போகிறது. இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்க முடியுமா? உங்கள் வீடியோவுக்குப் பிறகு வாங்கியவர்கள் ரொம்பக் கம்மி. இதோடு விட்டுவிட்டு, தம்பி ஜனவரியில் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்கிறான்.’”

“பாவமா இருக்கே,” என்றான் சுடலைமுத்து.

“பாவத்துக்குப் பாத்து மார்க் போட முடியுமா? முப்பத்தேழு தடவைங்க! நான் என்ன பொய்யா சொல்லுதேன்?”

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் கன்ட்ரோலரைக் குத்தியது.

அன்றைக்குக் கயல் வேலைக்குப் போன பிறகு, ஒற்றைத் துடுப்பு முதல் தடவையாகக் கன்ட்ரோலரிடம் பேசியது.

“உன்னை ஒன்று கேட்கட்டுமா? அந்தக் கணவாயில் நீ சொன்ன பக்கம்தானே நான் திரும்பினேன்?”

கன்ட்ரோலர் தன் இடது குச்சியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“நான் கேட்டது தப்பாக இருக்கலாம். என் காதில் கோளாறு இருக்கலாம். மூன்று மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.”

“உன் காதில் கோளாறு இல்லை,” என்றது கன்ட்ரோலர். “நான்தான் இடது என்றேன். அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன்.”

பெட்டிக்குள் மற்ற பத்தும் இந்தப் பக்கம் திரும்பின.

“ஆனால் மற்றவர்கள் யாரும் முட்டவில்லையே?” என்றது ஒற்றைத் துடுப்பு.

அசுர வேட்டை சிரித்தது. “அது சின்னச் சின்னதாக முனகுவதை நான் காதில் வாங்குவதே இல்லை. ஓங்கிச் சொன்னால்தான் எனக்குக் கேட்கும். நீயும் அப்படி இருந்திருக்க வேண்டும்.”

“என்னைச் செய்தவர்கள், விரல் எவ்வளவு மெல்லச் சொன்னாலும் விட்டுவிடாதே என்று சொல்லித் தந்தார்கள்,” என்றது ஒற்றைத் துடுப்பு. அதில் புகார் இல்லை. அதற்குத் தெரிந்ததைச் சொன்னது, அவ்வளவுதான்.

தான் சொன்னதை ஒன்றுவிடாமல் நம்பியது அந்தப் பதினொன்றில் இது ஒன்றுதான் என்று கன்ட்ரோலருக்கு அப்போது விளங்கியது. நம்பியதற்குத்தான் அடி வாங்கியிருக்கிறது.

“நான் அவளிடம் சொல்லிவிடுகிறேன்,” என்றது.

“பைத்தியமா உனக்கு?” என்று அசுர வேட்டை அதட்டியது. “அவளுக்கு உன் பாஷை தெரியாது. தெரிந்தாலும் உன்னைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவாள். பட்டியல் வரட்டும், வருடம் முடியட்டும். அதோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள்.”

“தூத்துக்குடியில் இரண்டு பேர் மறக்க மாட்டார்கள்,” என்றது கன்ட்ரோலர்.

அன்று சாயங்காலமே அது முயன்றது. கயல் விளையாட்டுகளின் பட்டியலைத் திறந்ததும், இவ்வளவு நாள் மேலும் சாயாமல் இழுத்துப் பிடித்திருந்த குச்சியைக் கொஞ்சம் தளர விட்டது. திரையில் தேர்வுக்கட்டம் தானாக ஓரிடம் இடது பக்கம் நகர்ந்தது. “விரல் பட்டுருச்சு போல,” என்று அவள் திரும்ப இழுத்து வைத்தாள்.

மறுநாள் கன்ட்ரோலர் உடம்பெல்லாம் அதிர அதிர நடுங்கியது. கயல் அதைத் திருப்பிப் பார்த்தாள். “சார்ஜ் தீந்துருச்சா?” என்று ஒயரில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

“பார்த்தாயா?” என்றது அசுர வேட்டை.

“பார்த்தேன். இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும்,” என்றது கன்ட்ரோலர்.

டிசம்பர் கடைசி ஞாயிறு காலையில் கயல் கேமராவை எதிரே நிறுத்தி வைத்து, விளக்கைப் போட்டு, பேச உட்கார்ந்தாள். சுடலைமுத்து ஒரு தட்டில் இட்லியோடு சத்தம் காட்டாமல் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

“இந்த வருசம் என்னை ரொம்ப ஏமாத்துனது இதுதான்,” என்று ஆரம்பித்து, கயல் ஒற்றைத் துடுப்பைத் திறந்தாள். மூழ்குவதை ஒரு தடவை ஓட்டிக் காட்ட வேண்டும் அவளுக்கு. கணவாய்க்கு முன்னால் அமைதியான தண்ணீரில் வள்ளத்தை நிறுத்தினாள். கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்துபோய்த் திரையைத் தொட்டுக் காட்டினாள்.

“இங்க பாருங்க, இந்த எடத்துலதான்...”

இப்போது விட்டால் இனி இல்லை என்று கன்ட்ரோலருக்குத் தெரிந்தது. பயம் இருந்தது. பயத்தோடேயே குச்சியை முழுசாக விட்டுவிட்டது. “இடது,” என்றது. “இடது. இடது. இடது.”

“அப்படியே செய்கிறேன்,” என்றது ஒற்றைத் துடுப்பு.

“வேண்டாம்! சும்மா இரு!” என்று அசுர வேட்டை கத்தியது.

ஆளில்லாமல் நின்ற வள்ளம் மெல்லத் திரும்பியது. இன்னும் திரும்பியது. ஒரு வட்டம் அடித்தது. இரண்டாவது வட்டம் அடித்தது. கயல் திரைக்கு முதுகைக் காட்டிக் கேமராவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏ கயலு,” என்றான் சுடலைமுத்து.

“ரெக்கார்டு ஆகுதுங்க!”

“ஆகட்டும். நீ கையே வைக்கல. படகு ஏன் சுத்துது?”

அவள் திரும்பினாள். வள்ளம் மூன்றாவது வட்டத்தில் இருந்தது. சோபாவைப் பார்த்தாள். கன்ட்ரோலர் தனியாகக் கிடந்தது. போய் இடது குச்சியின் மேல் ஒரு விரலை வைத்து, நடுவுக்குத் தள்ளிப் பிடித்தாள். வள்ளம் நின்றது. விரலை எடுத்தாள். திரும்பவும் சுற்றியது.

அவள் கன்ட்ரோலரை எடுத்துச் சுடலைமுத்துவிடம் நீட்டினாள்.

சுடலைமுத்து கையைக் கழுவிவிட்டு வந்து, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் கன்ட்ரோலரைத் திறந்தான். குச்சியின் அடியில் கறுப்பாகத் தூள் படிந்திருந்தது. நகத்தால் தட்டிப் பார்த்தான்.

“தேஞ்சு போச்சு. இந்தக் குச்சியப் போட்டு எதுல இவ்வளவு அழுத்துத?”

“அசுர வேட்டைலதான். ஓடணும்னா அழுத்திப் புடிக்கணும்.”

“அது தேச்சிருக்கு, இது திட்டு வாங்கியிருக்கு. வண்டி ஒரு பக்கமா இழுத்தா நீ ரோட்டையா குத்தம் சொல்லுவ?”

கயலுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. “நான் முப்பத்தேழு தடவையும் படகத்தான் திட்டுனேன். ஒரு தடவைகூட இதத் திருப்பிப் பாக்கலயே.”

“இப்ப என்ன செய்யப் போற? அந்தப் பிள்ளைக்கு போன் போடுதியா?”

“சரியாப் பாக்காம ஒரு தடவை வாயத் தொறந்தது போதும். முதல்ல இதச் சரி பண்ணணும். ஓட்டிப் பாக்கணும். அதுக்கப்புறம்தான் பேசுவேன்.”

“புதுசு வாங்கிரலாமே.”

“வேண்டாம். குச்சி மட்டும் கெடைக்குமா?”

“சொல்லி வரவழைக்கணும். நாலஞ்சு நாள் ஆகும்.”

“ஆகட்டும்.”

புது வருடம் பிறந்துவிட்டது. பட்டியல் எங்கே என்று பார்வையாளர்கள் கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் போட்டுவிட்டார்களே, உங்களுக்கு என்ன ஆயிற்று என்றார்கள். “இன்னும் ஒரு விளையாட்டை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது” என்று மட்டும் கயல் எழுதினாள். அந்த நாலைந்து நாளும் கன்ட்ரோலர் திறந்த வயிற்றோடு ஒரு எவர்சில்வர் தட்டில் கிடந்தது. தன்னை என்ன செய்யப் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் ஜூனுக்குப் பிறகு அது எதையும் இழுத்துப் பிடிக்காமல் கிடந்தது அந்த நாட்களில்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுடலைமுத்து புதுக் குச்சியைப் பொருத்தி, ஈயம் வைத்து ஒட்டி, திருகுகளை முறுக்கி, அவள் கையில் கொடுத்தான்.

“நேராக,” என்றது கன்ட்ரோலர். அதற்கே அது புதிதாக இருந்தது.

“நேராக,” என்றது ஒற்றைத் துடுப்பு.

வள்ளம் முதல் தடவையிலேயே கணவாயைக் கடந்தது. கயல் மூச்சை விட்டாள். அதன் பிறகு கடல் திறந்தது. காற்று மாறும் இடத்தில் துடுப்பை எடுத்துவிட வேண்டும் என்பதை அவளாகக் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை முழுக்க ஓட்டினாள். ஞாயிறு மதியம் தீவில் வள்ளத்தை இழுத்துப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கே பட்டியலைப் பதிவு செய்தாள். முதலிடம் அசுர வேட்டைக்கே. நானூறு மணி நேரத்தை இல்லையென்று சொல்ல அவளால் முடியாது. இரண்டாவது ஒற்றைத் துடுப்பு. வெட்கத்துக்காக ஒரு படி ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. ஏமாற்றிய விளையாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில், செப்டம்பரில் தான் சொன்னது தப்பு என்று சொல்லி, சோபாவில் தனியாகக் கிடந்த கன்ட்ரோலரையும் தானாகச் சுற்றிய வள்ளத்தையும் அப்படியே காட்டினாள்.

வீடியோவை வெளியிடுவதற்கு முன்னால் தூத்துக்குடிக்கு போன் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“ரெஜினா? கேக்குதா?”

“கேக்குதுக்கா. மூணு மாசம்க்கா. தம்பி தூங்கவே இல்ல. தினம் அந்த ஒரு எடத்தையே ஓட்டி ஓட்டிப் பாத்தான். தப்பு எங்கன்னே தெரியாம, போன மாசக் கடைசில அப்டேட் போட்டு அந்தப் பாறையத் தூக்கித் தள்ளி வச்சிட்டோம்.”

வள்ளம் ஏன் அவ்வளவு லேசாகக் கணவாயைக் கடந்தது என்று கயலுக்கு அப்போதுதான் புரிந்தது. கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்தாள்.

“தம்பி கெளம்பிட்டானா?”

“இல்லக்கா. பக்கத்துலதான் நிக்கான்.”

“அவன்ட்ட சொல்லு. பாறைய எடுத்த எடத்துலயே திரும்ப வைக்கச் சொல்லு.”

“அங்க வச்சா கஷ்டமா இருக்குமேக்கா.”

“இருக்கட்டும். இந்தத் தடவை முட்டுனா, அது நான் முட்டுனது.”