சாமி ஊரில் இல்லாத கோடை

ராஜாக்கள் குதிரையேறிப் போன அந்தக் காலத்தில், ஒரு பெரிய கண்மாயை நம்பி ஓர் ஊர் இருந்தது. கண்மாய்க் கரையில் கருப்பசாமி இருந்தார். வயலுக்குத் தண்ணீர் திறக்கிறவன் அவர் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, "என் முறைக்கு மேலே திறந்தால் என் கண் போகட்டும்" என்று சத்தியம் செய்யவேண்டும். அதுதான் வழக்கம். கேட்டுக்கொள்ளுங்கள், ஒருவனும் முறை தப்பியதில்லை.

மாயக்காள் மட்டும் கற்பூரம் அணைக்கவில்லை. கடைமடையில் தனியாகப் பயிர் செய்தவள் அவள். புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது அவள் கும்பிடாத சாமி இல்லை. அவன் போனபிறகு ஒரு சாமியையும் கும்பிடவில்லை. "நம்பாத சாமி பேரில் சத்தியம் பண்ணினால் அதுதானே பொய்?" என்றாள். ஊர் அவளைச் சாமியில்லாதவள் என்றது. தண்ணீர் முறையில் கடைசியில் தள்ளியது.

ஒரு கோடை. கண்மாய் பாதியாய்ச் சுருங்கியது, பாதியிலும் பாதியாய்ச் சுருங்கியது. அந்த நேரம் பார்த்துக் கோயிலில் திருப்பணி. கல்லைச் சீர்செய்து முடிக்கும்வரை சாமியை மந்திரம் சொல்லிக் குடத்துத் தண்ணீரில் இறக்கி வைப்பார்கள். அந்தக் குடத்தோடு கரையில் வந்த பூசாரி வழுக்கி விழுந்தார். குடம் உடைந்தது. சாமி மண்ணோடு போய்விட்டார்.

"இனி தை மாதம்தான் சாமியை அழைக்க முடியும்" என்றார் பூசாரி, முழங்காலைத் தடவிக்கொண்டே.

அதுவரை? அதுவரை சாமி ஊரில் இல்லை!

ஊரே அழுதது. அழுதுகொண்டே மண்வெட்டியைத் தேடியது.

ஒருவன் வாய்க்காலை வெட்டினான். ஒருவன் முறையில்லாமல் மடையைத் திறந்தான். ஒருவன் கரையிலேயே ஓட்டை போட்டான். மனுஷருக்கும் மாட்டுக்கும் குடிக்க வைத்திருந்த தண்ணீர் சலசலவென்று ஓடியது.

மாயக்காள் கரைக்கு ஓடி வந்தாள். ஓட்டையில் முள்ளையும் மண்ணையும் போட்டு அடைத்தாள். அரிவாளை மடியில் வைத்துக்கொண்டு மடைமேல் உட்கார்ந்தாள்.

தலைமடைப் பண்ணையார் வந்தார். "ஏம்மா, உனக்குத்தான் சாமியே கிடையாதே. அப்புறம் என்ன பயம்?"

"பயம் இல்லைங்க. அதனாலதான் எந்திரிக்க மாட்டேன்."

கொழுந்தன் வந்தான். "மதினி, உன் பயிர் கதிர் தள்ளப்போற பொதியில நிக்குது. ஒரு வாய் தண்ணி விட்டா நெல்லு வீட்டுக்கு. யார் பார்க்கப்போறா?"

"நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன், கொழுந்தனாரே."

பூசாரியும் வந்தார். "தை வரட்டும் தாயி, பாவத்துக்கெல்லாம் பரிகாரம் இருக்கு. கொஞ்சம் நகரு."

"உங்களுக்குப் பரிகாரம் இருக்கு, பூசாரியாரே. என்னை மன்னிக்க மேலே ஆள் கிடையாது. செஞ்சா செஞ்சதுதான்."

அவளை ஏசியவனுக்கும் அவன் முறைக்குத் தண்ணீர் விட்டாள், ஒரு விரற்கடை கூடாமல் குறையாமல். கடைசியில் அவள் முறை வந்தது. கண்மாயில் குடிக்கிற தண்ணீர்தான் மிச்சம். அவள் தன் வயலைப் பார்த்தாள். கை மடைப்பலகைக்குப் போனது. அங்கேயே வெகுநேரம் கிடந்தது. பிறகு திரும்பி வந்தது.

அவள் பயிர் வைக்கோலானது. ஐப்பசி மழை வரும்வரை ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தது.

தையில் சாமி திரும்பி வந்தார். ஊரார் அவர் பக்கத்தில் இன்னொரு கல்லை நட்டு, மஞ்சள் துணி சுற்றி, மாயக்காளைக் கூட்டிவந்து காலில் விழுந்தார்கள். "இனிமே நீயும் எங்களைப் பாரு, ஆத்தா!"

மாயக்காளுக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. துணியை உருவி எறிந்தாள். கல்லைப் பிடுங்கிக் கரையில் உருட்டி, அவர்கள் போட்டு, அவள் முள்ளால் அடைத்திருந்த ஓட்டையில் கொண்டுபோய் இறக்கினாள்.

"இதுக்கு வேலை இங்கேதான்" என்றாள். "காலமெல்லாம் உங்களைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க என்னால ஆகாது. அவனவனுக்குக் கண்ணு இல்லையா?"

சொல்லிவிட்டு, அடுத்த போகத்துக்கு வயலை உழப் போனாள்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: சாமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரும் பார்க்காத இடத்தில் அடுத்தவர் பங்கைத் தொடாமல் இருப்பதே அறம்.