பத்தாயிரம் பேர் சண்டை

சூசை ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே கதை விளையாட்டு நடத்துவான். பகடை உருட்டி வாயாலேயே ஆடுகிற விளையாட்டு அது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்குக் கதைக்குள்ளே ஆளுக்கு ஒரு வேஷம். கோட்டை உண்டு, பூதம் உண்டு, வாள் உண்டு. எல்லாம் பேச்சில்தான்.

அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவள் வடிவு. இரண்டு பேருக்கும் ஒரே வயதுதான். ஆனாலும் அவளைக் "குருவே" என்பான். பாதி கிண்டல், பாதி நிஜம். அவள் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் ஊர் பெயர் சொல்கிற வேலை பார்த்தாள். வாரமெல்லாம் கத்திக் கத்தி, லீவு நாளில் அவளுக்குப் பேசவே அலுப்பாக இருக்கும்.

ஒருநாள் சூசை அவளிடம் போய்க் கேட்டான்.

"குருவே, பத்தாயிரம் பேர் சண்டையை எப்படி நடத்துறது?"

"ஏன், என்ன ஆச்சு?"

"பூதப்படை கோட்டையைச் சுத்தி வளைச்சிருக்கு. மூணு வாரமா சண்டை. முடியவே மாட்டேங்குது. எல்லாரும் கொட்டாவி விடுறாங்க."

"நீ?"

"நானும்தான்."

"வந்து பாக்குறேன்" என்றாள் வடிவு.

அந்த ஞாயிறு வந்து, மூலையில் இருந்த பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

மேசை முழுக்கப் புளியங்கொட்டை. ஒன்றும் தடவாதது நம் படை. சுண்ணாம்பு தடவியது பூதப்படை. ஒரு கொட்டை என்றால் நூறு வீரர். சூசை ஒவ்வொரு கொட்டைக்கும் தகரத் தட்டில் பகடை உருட்டினான். எந்தப் பக்கம் எண் குறைந்ததோ அந்தப் பக்கத்துக் கொட்டையை எடுத்தான். பிறகு அடுத்தது. பிறகு அதற்கு அடுத்தது.

ஆட வந்தவர்கள் மூன்று பேர். பெருமாள் சுவரில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தான். மொய்தீன் போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஜெயசீலி மில்லில் இராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவள். மடியில் பிள்ளை. பிள்ளைக்குக் காய்ச்சல். விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லை.

கதைக்குள்ளே அவள் பெயர் நாச்சி. உள்கோட்டை வாசலுக்குக் காவல். மூன்று வாரமாக அந்த வாசலில் நிற்கிறாள். அவள் முறை இன்னும் வரவில்லை.

பகடை விழுந்தால் தட்டு 'டங்'கென்று சத்தம் போடும். பிள்ளை விழித்து அழும். தட்டிக் கொடுத்துத் தூங்க வைப்பாள். மறுபடியும் டங்.

"அண்ணே, என் முறை எப்ப வரும்?"

"வெளிமதில் முடியட்டும்மா. இன்னும் நாப்பது கொட்டைதான்."

"நாப்பதா?" என்றான் மொய்தீன். "அதுக்குள்ள இந்தப் பிள்ளை பெருசாகி, வாளோட சண்டைக்கு வந்துரும்."

யாரும் சிரிக்கவில்லை. பகடை விழுந்தது. பிள்ளை வீறிட்டது. ஜெயசீலி எழுந்துவிட்டாள்.

"இனிமே நான் வரலண்ணே. கோவமெல்லாம் இல்ல. வாரத்துல எனக்குன்னு கிடைக்கிறதே இந்தக் கொஞ்ச நேரம்தான். மில்லுலயும் நிக்கிறேன், இங்க வந்தும் நிக்கிறேன்."

சூசைக்கு முகம் செத்துவிட்டது. இருப்பதே மூன்று பேர். ஒருத்தி போனால் ஆட்டம் அத்தோடு சரி. அவன் வடிவைப் பார்த்தான்.

வடிவு எழுந்து வந்தாள். "கொஞ்சம் தள்ளு" என்று அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பிள்ளை தூங்குற வரைக்கும் உக்காரும்மா. வெயில்ல எங்க தூக்கிட்டுப் போவே?"

ஜெயசீலி உட்கார்ந்தாள். பிள்ளை மெல்ல அடங்கியது. வடிவு அதுவரை பொறுத்திருந்தாள். அப்புறம், பிள்ளைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"நாச்சி, கதவைத் தட்டுறாங்க."

"யாரு?"

"நம்ம ஆளுங்கதான். வெளிமதில் விழுந்துருச்சு. ஓடி வந்திருக்காங்க."

சூசைக்குப் பொறுக்கவில்லை. "அதுக்கு நான் இன்னும் உருட்டி முடிக்கலையே! விழுந்துச்சுன்னு யார் சொன்னா?"

"ஓடி வந்தவங்க சொன்னாங்க" என்றாள் வடிவு.

மொய்தீன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"அவங்க பின்னாலயே பூதப்படை வருது. கதவைத் திறந்தா ரெண்டு கூட்டமும் வந்துரும். உள்ளே பிள்ளைகுட்டிங்க இருக்கு. என்ன செய்யுற, நாச்சி?"

ஜெயசீலி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"திறங்கக்கா" என்றான் மொய்தீன். "என் தம்பி வெளிய நிக்கிறான்." கதைக்குள்ளே அவனுக்கு ஒரு தம்பி உண்டு.

"பாதிக் கதவு திறக்குறேன். ஒவ்வொருத்தரா விடுறேன்" என்றாள் ஜெயசீலி.

"உருட்டு. துண்டு மேல உருட்டு."

பிள்ளையைப் போர்த்தியிருந்த துண்டின் நுனியில் பகடை விழுந்தது. சத்தமே இல்லை. எல்லாத் தலையும் குனிந்தன. பெருமாள் எப்போது விழித்தான் என்று தெரியவில்லை, அவன் தலையும் அங்கே இருந்தது.

சின்ன எண்.

"கொஞ்சம் பேர் வந்துட்டாங்க. கதவிடுக்குல ஒரு பூதம் கையை விட்டுருச்சு. மீதிப் பேர் வெளியதான். தட்டிக்கிட்டே இருக்காங்க."

"என் தம்பி வந்துட்டானாக்கா?"

"ஒரே புகை. முகம் தெரியல."

ஜெயசீலி பிள்ளையின் நெற்றியில் கை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே சொன்னாள்.

"சாத்துறேன்."

மொய்தீன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சாத்திட்டே. கோட்டை பிழைச்சது" என்றாள் வடிவு. "தட்டுற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுது. அப்புறம் கேக்கல. இன்னைக்கு இது போதும்."

எல்லாரும் எழுந்தார்கள். ஷட்டருக்கு அடியில் குனிந்த ஜெயசீலி நின்று திரும்பினாள்.

"அடுத்த வாரம் எத்தனை மணிக்குண்ணே?"

"வரலேன்னு சொன்னியேம்மா?"

"வெளிய நின்னவங்களைத் தேடிப் போக வேணாமா?"

"நானும் வருவேன்" என்றான் மொய்தீன். "உங்ககூடப் பேச மாட்டேன். ஆனா வருவேன்."

அவர்கள் போனபின் சூசை மேசையைப் பார்த்தபடி நின்றான். பாதிக் கொட்டைக்கு மேல் தொடப்படாமல் கிடந்தது. வடிவு கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"குருவே, எல்லாம் சரி. சண்டை பாதியிலேயே நிக்குதே. பத்தாயிரம் பேர்ல செத்தது எத்தனை பேர்?"

வாரமெல்லாம் கத்திய வடிவுக்குக் குரல் கம்மியிருந்தது.

"அவளைக் கேளு. கதவைச் சாத்துனது அவதானே."