சம்பந்தி வீட்டுக் குதிரை

நொய்யல் கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்தவர் அமிர்தவல்லி அம்மா. அவருக்கு வயது நாற்பதுதான். அவரிடம் பாடம் கேட்க வருகிற நாச்சிமுத்துவோ அறுபதைத் தாண்டியவர். பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இவருக்குப் பாடம் ஒரு கேடா என்று ஊரில் கேலி செய்தார்கள். நாச்சிமுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடத்துக்குப் பாலும் அவர் வீட்டிலிருந்துதான் போகும்.

கொஞ்ச நாளாகப் பால் மட்டும் வந்தது. ஆளைக் காணோம்.

ஒரு சாயங்காலம் அம்மா தானே பால் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு அவருடைய தோட்டத்துக்குப் போனார். நாச்சிமுத்து மாட்டுக் கொட்டகையில் செவலைப் பசுவுக்குப் பக்கத்தில் குந்திப் பால் கறந்துகொண்டிருந்தார்.

"வாங்கம்மா. சொல்லிவிட்டிருந்தா நானே கொண்டாந்திருப்பேனுங்களே."

"பாலுக்கு வரலீங்க ஐயா. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

அம்மா புண்ணாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். எழுந்து மரியாதை செய்ய வந்தவரைக் கையமர்த்தினார்.

நாச்சிமுத்து மறுபடியும் கறக்க உட்கார்ந்தார். பிறகு பசுவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குதிரைய அறுத்துத் திங்கறவங்க வீட்டுல மறுபடியும் போயி எப்படிங்கம்மா கை நனைக்கறது?"

விஷயம் அம்மாவுக்கு அரைகுறையாகத் தெரியும். நாச்சிமுத்துவின் ஒரே மகள் பூங்கொடி. டாக்டருக்குப் படிக்க கஜகஸ்தான் போனவள், கூடப் படித்த அந்த நாட்டுப் பையனையே கட்டிக்கொண்டாள். போன வருஷம் கல்யாணத்துக்கு நாச்சிமுத்துவும் மனைவி பாவாத்தாளும் விமானம் ஏறிப் போனார்கள். திரும்பி வந்தவர் அந்த ஊரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க."

"பொண்ணு வீட்டுக்காரங்களுக்குன்னு பெரிய விருந்துங்க. நடுவுல எனக்கு எடம் போட்டாங்க. தட்டு நிறையக் கறி. சம்பந்தியம்மா அவங்க கையாலயே வெச்சாங்க. ஆட்டுக்கறின்னு நெனச்சு எடுத்துட்டேன். அப்பத்தான் மக மெதுவாச் சொன்னா, 'அப்பா, இது குதிரை. உங்களுக்காகத்தான் அறுத்தாங்க'னு."

"உடனே எந்திரிச்சிட்டீங்க."

"எந்திரிக்காம? என் மகளுக்கு டாக்டர் சீட்டு கெடச்சதுக்கு முனியப்பன் கோயில்ல மண்குதிரை வெச்சவன் நானு. சாமியத் தூக்கற உசுரத் தட்டுல வெச்சா எப்படிங்க?"

அதே முனியப்பனுக்குக் கிடா வெட்டினால் முதல் பந்தியில் உட்காருகிறவர் அவர். அம்மா அதை எடுத்துச் சொல்லவில்லை. கறியே தொடாத அவருக்கு ஆடும் ஒன்றுதான், குதிரையும் ஒன்றுதான்.

"இன்னொன்னு கேளுங்கம்மா. அன்னைக்குக் காலையில நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். அந்தச் சம்பந்தியம்மா ஒரு குதிரையோட நெத்தியில தன் நெத்திய வெச்சுட்டு அழுதுட்டு நின்னாங்க. குட்டியிலிருந்து அவங்க வளத்ததாம். வளத்தவங்களே அழுதுபோட்டு, அவங்களே அறுக்கச் சொல்லி, அவங்களே பரிமாறறாங்க. என்ன மனசுங்க அது?"

"நீங்க அவங்ககிட்ட எதுவும் கேக்கலீங்களா?"

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? கண்ணாலதான் பாத்தேனே."

இப்போது பூங்கொடிக்குப் பிரசவ மாதம் நெருங்கிவிட்டது. பாவாத்தாள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மகள் பாவாத்தாளோடு மட்டும்தான் போனில் பேசுவாள். போன வாரம் அப்பாவுக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள் என்றார் நாச்சிமுத்து.

"என்னன்னு?"

மகள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

"'அத்தை இன்னும் கேட்டுட்டே இருக்காங்க, நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு. அவங்களுக்குப் பதில் சொல்றதா இருந்தா அப்பாவ வரச் சொல்லு. இல்லைன்னா கொழந்தையப் பாக்கவும் வரவேண்டாம்.' அவ்வளவுதானுங்க."

அம்மா செவலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் முகத்துக்கு எதிரே ஒரு கன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே வைக்கோல். வெளியே மட்டும் நிஜமான கன்றின் தோல். கால்களுக்குப் பதில் நான்கு குச்சி. செவலை அதை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. நக்க நக்கப் பால் சுரந்தது.

"ஐயா, உங்க சம்பந்தியம்மா இப்ப இங்க வந்து இதப் பாக்கறாங்கன்னு வெச்சுக்கங்க. என்ன நினைப்பாங்க?"

நாச்சிமுத்து தினமும் பார்க்கிற கன்றுதான். அன்றைக்குத்தான் அதை ஏறிட்டுப் பார்த்தார்.

"செத்த கன்னோட தோலக் காட்டித் தாய ஏமாத்திப் பால் கறக்கறவன்னு நினைப்பாங்க."

"நெசந்தானுங்களா?"

"இல்லீங்கம்மா."

கறப்பதை நிறுத்திவிட்டார்.

"கன்னு கழிச்சல் கண்டு கெடந்துச்சுங்க. மருந்து ஊத்தி, மடியில போட்டுட்டு ராவெல்லாம் உக்காந்திருந்தேன். நிக்கல. அது போனதுக்கப்பறம் இவ தண்ணியும் குடிக்கல, தீவனமும் தொடல. கத்துனா பாருங்க, ஊரே கேட்டுச்சு. மடி கல்லாட்டம் கட்டிக்கிச்சு. வேற வழியில்லாமத்தான் நானே உக்காந்து தெச்சேன். தையலுக்குத் தையல் கண்ணத் தொடச்சுக்கிட்டேன். கொண்டாந்து வெச்சதும் மோந்து பாத்தா. கத்தறத நிறுத்திட்டா. எனக்குப் பாலும் வேணுமுங்க, இல்லேங்கல. ஆனா பாலுக்கு மட்டும் இல்லீங்கம்மா."

"இதெல்லாம் அவங்களுக்குச் சொல்லுவீங்களா?"

"சொல்லாம எப்படிங்க? உக்கார வெச்சு, மொதல்ல இருந்து, ஒண்ணு விடாமச் சொல்லுவேன்."

அம்மா காலித் தூக்குப்போசியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார்.

"நீங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அவங்க எந்திரிச்சுப் போயிட்டா?"