நாலு இரவுக் கணக்கு

அமெரிக்கா என்றாலே நம் ஆட்களுக்கு வானத்தை முட்டும் கட்டடம்தான் நினைவுக்கு வரும். இந்தக் கதையும் அங்கேதான் நடந்தது. ஆனால் அப்படிப்பட்ட கட்டடம் எதுவும் இதில் கிடையாது. ஒரு ஆறு, ஒரு பிள்ளை, ஒரு நோட்டு, அவ்வளவுதான். காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன்.

நாங்குநேரிப் பக்கத்துப் பெண் இசக்கியம்மாள், அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவள் போய்வந்த ஊரை ஓர் ஆறு இரண்டாகப் பிரித்திருந்தது. அந்த நாட்டில் பள்ளிக்கூடம் பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் வீட்டு வரியை நம்பித்தான் நடக்கிறது. பிள்ளை எந்தக் கரையில் குடியிருக்கிறதோ அந்தக் கரைப் பள்ளியில்தான் இடம். அக்கரையில் பெரிய பெரிய வீடுகள், அதற்கேற்ற பள்ளி. இக்கரைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இரண்டு வருஷமாகக் கணக்கு டீச்சரே இல்லை.

லடோன்யா இக்கரைக்காரி. முதியோர் இல்லத்தில் வாரம் நாலு இரவு வேலை. ஒரே மகள் இமானி, பன்னிரண்டு வயது, கணக்கில் புலி. லடோன்யாவின் அக்காள் ரோசெட்டாவுக்கு அக்கரையில் அரசு குறைந்த வாடகைக்கு விட்ட சின்ன வீடு, பதினொரு வருஷம் காத்திருந்து கிடைத்தது. அந்த விலாசத்தைக் கொடுத்துத்தான் இமானி அக்கரைப் பள்ளியில் சேர்ந்தாள். வாரத்தில் நாலு இரவாவது பிள்ளை அந்த விலாசத்தில் தூங்க வேண்டும் என்பது விதி. அம்மா வேலைக்குப் போகும் நாலு இரவும் பிள்ளை பெரியம்மா வீட்டில்தான். இதில் எள்ளளவும் பொய் இல்லை.

இசக்கி இரண்டு வீட்டுக்கும் ஒரு வருஷமாகப் போய்வந்தாள். "நீங்க சொல்றதை உங்க சம்மதம் இல்லாம உங்க பேரோட யார்கிட்டயும் காட்ட மாட்டேன்" என்று அக்காளுக்கும் தங்கைக்கும் தனித்தனியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு ஒரு நோட்டு வைத்துக்கொள் என்று அவள் பேராசிரியர் முதல் நாளே சொன்னார். அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. கூடப்பிறந்தவர்கள், ஒரு பிள்ளையை மாறி மாறி வளர்க்கிறார்கள், இதில் இரண்டு வீடு எங்கிருந்து வந்தது? ஒரே நோட்டில் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினாள். எந்தெந்தச் சாயங்காலம் லடோன்யா மகளை அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள் என்பது அதில் இருந்தது. ரோசெட்டாவின் மகன் டெரல் ஜெயிலிலிருந்து வந்து அம்மா வீட்டுச் சோபாவில் படுத்துக்கிடந்ததும் அதே நோட்டில்தான் இருந்தது. அரசு கொடுத்த அந்த வீட்டில் ஜெயிலுக்குப் போய்வந்தவன் தங்கவே கூடாது. தெரிந்தால் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிடுவார்கள்.

மார்ச் மாதம் லடோன்யா காய்ச்சலில் விழுந்தாள். வேலைக்குப் போகவில்லை, மகளும் அந்த ஒரு வாரம் எல்லா இரவும் அம்மாவோடுதான் படுத்தாள். கெட்ட நேரத்தைப் பாருங்கள், யாரோ போட்ட மொட்டைக் கடிதத்தை நம்பிப் பள்ளி நிர்வாகம் ஆள் வைத்து வேவு பார்த்ததும் அதே வாரம்தான். பிள்ளை இக்கரை வீட்டிலிருந்து காலையில் கிளம்புவதை ஐந்து நாளும் போட்டோ எடுத்துவிட்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யாருடைய வாய்ப்பேச்சும் செல்லாது, வெளியாள் அன்றன்றைக்கு எழுதி வைத்த ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

லடோன்யா நேரே இசக்கியிடம் ஓடினாள். "இசா, எனக்குக் கொடுத்த வாக்கை நீ காப்பாத்த வேண்டாம். நானே சொல்றேன், நோட்டைக் கொண்டுபோய்க் காட்டு."

வேண்டிய பக்கங்களை மட்டும் தரலாமா என்று இசக்கி நிர்வாகத்திடம் கேட்டுப் பார்த்தாள். கிழித்த நோட்டை வாங்கமாட்டோம், முழுசாக வேண்டும் என்றார்கள். அன்றைக்கே ரோசெட்டாவிடமிருந்தும் போன் வந்தது. "இமானி நான் பெத்த பிள்ளை மாதிரிதான். ஆனா டெரலுக்குப் போக வேற இடம் இல்ல, எனக்கும் இல்ல. தயவுசெஞ்சு அதைத் திறக்காத."

யாரைக் காப்பாற்றப் போனாலும் இன்னொருத்தி வயிற்றில் அடிக்க வேண்டும். விசாரணையன்று இசக்கி நோட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போனாள். கேட்டபோது, "என்னால தர முடியாது" என்றாள். லடோன்யா அவள் முகத்தையே பார்க்கவில்லை. இமானிதான் கேட்டாள்: "நான் பெரியம்மா வீட்ல தூங்கினது உனக்குத் தெரியுமே?"

தெரியும். இசக்கி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மறுநாள் பள்ளியில் பிள்ளையின் பெயரை அடித்துவிட்டார்கள்.

நோட்டைத் திற என்ற தாய், திறக்காதே என்ற பெரியம்மா, திறக்காமல் இருந்த இசக்கி. இந்த மூவரில் பிழை செய்தது யார்? செய்தது எந்த நாளில்?

விடை: தாய் தன் மகளுக்காகக் கேட்டாள், அதில் பிழை இல்லை. பெரியம்மாவும் பிழை செய்யவில்லை. நோட்டைத் திறந்திருந்தால் அவள் வீடு போயிருக்கும், வீட்டோடு விலாசமும் போயிருக்கும், இமானி எப்படியும் வெளியேதான். ஆகவே அன்றைக்கு இசக்கி நோட்டைத் திறக்காததும் சரிதான். அவள் பிழை செய்தது ஒரு வருஷத்துக்கு முன்னால், இரண்டு பேருடைய ரகசியத்தையும் ஒரே நோட்டில் எழுதத் தொடங்கிய நாளில். வீட்டுக்கு ஒரு நோட்டு இருந்திருந்தால், தாயின் நோட்டைக் கொடுத்திருக்கலாம், அக்காளின் நோட்டைப் பூட்டி வைத்திருக்கலாம். கூடப்பிறந்தவர்களை ஒரே குடும்பமாகப் பார்த்தது நம் ஊர் மனசு, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் பிள்ளையின் படிப்பைக் கெடுத்தது அதுதான். பெயர்களை மாற்றி எழுதிக் கொடுத்த ஆய்வில் இமானியைப் பற்றிய பகுதிதான் மிக நன்றாக வந்திருக்கிறது என்று பேராசிரியர் மெச்சினார். இசக்கி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் அழுது என்ன செய்ய, பிள்ளைக்குப் போனது போனதுதான்.